ரஸ்கினின் ஓவிய நூல்கள்: டர்னர் முதல் கேட் கிரீன்அவே வரை, எங்கிருந்து தொடங்குவது?

கரிக்கோல்

வணக்கம். சிறுவர் இதழ்களுக்குப் படம் போடுவது என் வேலை. ஜான் ரஸ்கின் என்றால் சத்திய சோதனையில் வருபவர் என்று மட்டும்தான் இதுவரை தெரியும். 1904இல் ஜோகன்னஸ்பர்கிலிருந்து டர்பனுக்கு ரயில் ஏறும்போது ஹென்றி போலக் என்ற நண்பர் கையில் கொடுத்த புத்தகம், அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை என்று காந்தி எழுதுவாரே, அந்த ரஸ்கின். அவர் முதலில் பெயர் வாங்கியது ஓவிய விமர்சகராக என்பதும், 'மாடர்ன் பெயின்டர்ஸ்' என்று ஐந்து தொகுதிகள் எழுதினார் என்பதும், புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் படம் வரைந்தவர்களைப் பற்றி ஆக்ஸ்ஃபோர்டில் உரையாற்றினார் என்பதும் இப்போதுதான் தெரிய வந்தது.

ஐந்து தொகுதிகளையும் படித்தால்தான் அவர் சொல்வது பிடிபடுமா? படம் போட்டுப் பிழைக்கிற என் மாதிரி ஆளுக்கு அதில் என்ன கிடைக்கும்? படித்தவர்கள் சொல்லுங்கள்.

மழைமேகம்

நான் ஆங்கில ஓவியர் டர்னருக்காக ரஸ்கினைப் படிக்கத் தொடங்கியவன். முதல் தொகுதி 1843 மே மாதம் வந்தது. அப்போது ரஸ்கினுக்கு வயது 24. அட்டையில் பெயர் இல்லை, 'ஆக்ஸ்ஃபோர்டு பட்டதாரி ஒருவர்' என்று மட்டும் இருந்தது. நிலக்காட்சி வரைவதில் இன்றைய ஓவியர்கள், குறிப்பாக டர்னர், பழைய பெரியவர்களைத் தாண்டிவிட்டார்கள் என்பது புத்தகத்தின் வாதம். க்ளோத், சல்வதோர் ரோசா, காஸ்பார் பூசன் என்று அந்தக் காலத்துக் கனவான்கள் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்துக் கும்பிட்ட பெயர்களை எல்லாம் ஒரு இளைஞன் வரிசையாக எடுத்து, இவர்கள் மேகத்தைப் பார்க்கவே இல்லை, பாறையைப் பார்க்கவே இல்லை என்று எழுதினான். எவ்வளவு துணிச்சல் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது அவர் வாதம் செய்கிற முறை. அழகு, மேன்மை என்று பொதுவாகப் பேசிவிட்டு நகர்வதில்லை. வானம், மேகம், நிலம், நீர், செடிகொடி என்று தனித்தனியாக எடுத்துக்கொள்கிறார். மேகத்தையே மூன்றாகப் பிரிக்கிறார்: உச்சியில் இழை இழையாக நிற்பது, நடுவானத்து மேகம், தாழ்ந்து வரும் மழைமேகம். (என் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.) கலங்காத நீரில் பிம்பம் எப்படி விழும், அலை வந்தால் எப்படி நீளும், கரை எங்கே முடிந்து பிம்பம் எங்கே தொடங்குகிறது என்று பக்கம் பக்கமாகப் போகிறார். அப்புறம்தான் டர்னரிடம் வருகிறார். வரும்போது நமக்கே அந்தப் படத்தைப் பார்க்கத் தெரிந்திருக்கும்.

ஐந்தையும் உட்கார்ந்து படிக்கச் சொல்ல மாட்டேன். முதல் தொகுதியில் நீர் பற்றிய அத்தியாயங்களைப் படியுங்கள். டர்னரின் 'அடிமைக் கப்பல்' ஓவியம் பற்றிய பத்தி அங்கேதான் இருக்கிறது.

தெற்குமாசி

அந்தப் பத்தியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தி வெயில், கடலின் ஏற்ற இறக்கம், ரத்தச் சிவப்பு, எல்லாம் வருகிறது. ஆனால் அந்தப் படத்தில் என்ன நடக்கிறது? அடிமைகளைக் கப்பலிலிருந்து கடலில் தள்ளுகிறார்கள். இந்த உண்மை அவருக்கு அடிக்குறிப்பில்தான் இடம் பெறுகிறது. மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கும் ஒரு படத்தில் முதலில் அலையின் நிறத்தைப் பார்க்கிறவர் எனக்கு நல்ல வழிகாட்டியாகத் தெரியவில்லை.

மழைமேகம்

அந்தக் கோபம் நியாயம்தான், அதே குறையைப் பல ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் மேலே உள்ள பத்தியிலேயே அதைக் குற்றம் சுமந்த கப்பல் என்கிறார். அந்த நிறமே அதன் மேல் விழுந்த தீர்ப்பு என்பது போலத்தான் வாக்கியம் முடிகிறது. 1844 புத்தாண்டுக்கு அவருடைய அப்பா அதே ஓவியத்தை விலைக்கு வாங்கி மகனுக்குப் பரிசாகக் கொடுத்தார். பல வருடம் வீட்டில் இருந்தது. பிற்காலத்தில் அந்தக் காட்சியின் வேதனையோடு வாழ முடியாமல் விற்றுவிட்டார். இப்போது பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அச்சுக்கூடம்

கரிக்கோல், நீங்கள் கேட்டது படம் போடுகிறவர்களைப் பற்றி. எல்லாரும் டர்னரின் எண்ணெய் ஓவியங்களுக்கே போய்விடுகிறார்கள். நான் அச்சுத் தொழில் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ரஸ்கின் முதன்முதலில் டர்னரைப் பார்த்தது எந்தக் காட்சிக்கூடத்திலும் இல்லை. 13ஆம் பிறந்தநாளுக்கு அப்பாவின் தொழில் கூட்டாளி ஒருவர் சாமுவேல் ராஜர்ஸ் எழுதிய 'இத்தாலி' என்ற கவிதைப் புத்தகத்தைக் கொடுத்தார். 1830இல் வந்த பதிப்பு. அதில் டர்னர் வரைந்த சின்னச் சின்னப் படங்களை எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சிட்டிருந்தார்கள். உள்ளங்கை அளவு படத்தில் ஆல்ப்ஸ் மலையும் ஏரியும் நிலவொளியும். தன் வாழ்க்கை போன திசைக்கே அந்தப் புத்தகம்தான் காரணம் என்று பின்னாளில் ரஸ்கினே எழுதினார். 'மாடர்ன் பெயின்டர்ஸ்' முழுவதற்கும் வித்து ஒரு புத்தகச் சித்திரம்தான்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அவர் கடைசி வரை அச்சான படத்தை இரண்டாம் தரமாக நினைத்ததில்லை. அந்தப் படம் தகட்டிலோ மரக்கட்டையிலோ ஏறும்போது என்ன ஆகிறது என்று உட்கார்ந்து கவனித்தார். 1857இல் மாக்சன் வெளியிட்ட டென்னிசன் கவிதைத் தொகுப்புக்கு ரொசெட்டி, மில்லே போன்றவர்கள் படம் வரைந்தார்கள். செதுக்கியதில் முகபாவமே போய்விட்டது என்று வருந்தி எழுதினார், ஆனாலும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். பஞ்ச் என்ற நகைச்சுவை இதழில் படம் போட்ட ஜான் லீச் விஷயத்தில் இன்னும் கூர்மை. கட்டையில் ஏறி அச்சான படத்தைவிட, அவர் முதலில் பென்சிலில் போட்ட கோட்டில்தான் லீச்சின் முழு பலமும் இருக்கிறது என்பது ரஸ்கினின் முடிவு. படம் போடுகிற யாரும் இதை ஒப்புக்கொள்வார்கள். முதல் கிறுக்கலில் இருந்த உயிர் மையிட்ட பிறகு இருக்காது.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. 1872இல் ஆக்ஸ்ஃபோர்டில் செதுக்கோவியம் பற்றி ஆற்றிய உரைகள் 'அரியாட்னே ஃப்ளோரென்டினா' என்ற நூலாயின. அதில் மரக்கட்டைப் படத்தில் வரும் குறுக்குக் கோட்டு நிழலைப் பற்றிப் பேசுகிறார். பேனாவில் குறுக்கும் நெடுக்கும் கோடு இழுப்பது நொடி வேலை. அதையே மரத்தில் கொண்டுவர வேண்டுமானால், கோடு கறுப்பாக நிற்க, கோடுகளுக்கு நடுவில் உள்ள ஒவ்வொரு வெள்ளைப் பொட்டையும் செதுக்குகிறவர் தனித்தனியாகத் தோண்டி எடுக்க வேண்டும். ஒரு சின்னப் படத்தின் நிழலில் அப்படி எத்தனை பொட்டு இருக்கிறது என்று ரஸ்கின் எண்ணிப் பார்க்கிறார். படத்துக்கு அதனால் எந்த லாபமும் இல்லை, ஒரு மனிதனின் கண்ணும் நாளும் வீணாகிறது என்கிறார். நீங்கள் சொன்ன காந்தியின் ரஸ்கினும் ஓவிய விமர்சகர் ரஸ்கினும் ஒரே ஆள் என்பது எனக்கு இந்தப் பக்கங்களில்தான் உறைத்தது. படத்தைப் பார்க்கும்போது அதைச் செய்த கூலிக்காரரையும் பார்த்தவர் அவர்.

கரிக்கோல்

அச்சுக்கூடம் அண்ணா, இதுதான் எனக்கு வேண்டியது. லீச்சும், ஆலிஸ் கதைக்குப் படம் போட்ட டென்னியலும் வரும் அந்த உரை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? கேட் கிரீன்அவே பற்றியும் அதிலேயே இருக்கிறதா?

தாமிரபரணி

'தி ஆர்ட் ஆஃப் இங்கிலாந்து'. 1883இல் மறுபடி ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஆனபோது ஆற்றிய உரைகள், மொத்தம் ஆறு. ரொசெட்டியும் ஹோல்மன் ஹன்ட்டும், பர்ன்-ஜோன்ஸும் வாட்ஸும், லெய்டனும் ஆல்மா-ததேமாவும் என்று மூன்று உரைகள் போனபின், நான்காவதில் ஹெலன் ஆலிங்ஹாமையும் கேட் கிரீன்அவேயையும் எடுக்கிறார். ஐந்தாவது லீச்சும் டென்னியலும். ஆறாவது மலைக்காட்சி வரைந்த ராப்சன், காப்ளி ஃபீல்டிங்.

அந்த வரிசையையே கொஞ்சம் கவனியுங்கள். ராயல் அகாதமியின் தலைவராக இருந்த லெய்டனுக்கு ஓர் உரை, குழந்தைப் புத்தகத்துக்குப் படம் வரைந்த பெண்ணுக்கும் ஓர் உரை, அதுவும் அடுத்தடுத்து, அதே மேடையில். பல்கலைக்கழகத்தில் அதுவரை அப்படி யாரும் மரியாதை கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. கிரீன்அவேயின் 'அண்டர் தி விண்டோ' 1879இல் வந்தது. எட்மண்ட் எவன்ஸ் வண்ண மரக்கட்டைகளில் அச்சிட்டுக் கொடுத்தது. அந்தப் படங்களில் ரயில் இல்லை, சுரங்கம் இல்லை, தந்திக் கம்பம் இல்லை என்று ரஸ்கின் கவனிக்கிறார். இங்கிலாந்து இழந்துகொண்டிருந்த ஒரு நிலத்தை அவள் படங்களில் கண்டு ஏங்குகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால் கரிக்கோல், கிரீன்அவே விஷயத்தில் அவர் சொன்னதை எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளாதே அம்மா. உரைக்கு முன்னும் பின்னும் அவளுக்கு ஏராளமான கடிதங்கள் எழுதினார். புல்லை நேரில் பார்த்து வரை, பூவை வரை, பாதத்தைச் சரியாக வரை என்று ஓயாத பாடம். அவளுடைய பலம் தட்டையான வண்ணமும் ஒழுங்கான மெல்லிய கோடும், பக்கத்தில் விட்டுவைக்கிற வெள்ளை இடமும். டர்னருக்குப் பொருந்திய இயற்கைப் பாடத்தை அவள் மேல் ஏற்றியதில் அவளுக்கு நன்மை விளைந்ததாக நான் நினைக்கவில்லை. ஒரு விமர்சகர் தனக்குப் பிடித்த ஓவியரிடம் ஆசிரியராக மாறினால் வரும் ஆபத்து அது.

தெற்குமாசி

ஆசிரியராக மாறியதைவிட நீதிபதியாக மாறியதுதான் பெரிய ஆபத்து. 1855லிருந்து ஐந்து வருடம் அகாதமி கண்காட்சிக்கு ஒவ்வோர் ஆண்டும் குறிப்புப் புத்தகம் போட்டார். அவர் குறை சொன்னால் அந்தப் படம் விற்காது என்று ஓவியர்கள் புலம்புவதாகப் பஞ்ச் இதழில் பாட்டே வந்தது. கடைசியில் விஸ்லர் வழக்கு. 1877இல் க்ரோவ்னர் காட்சிக்கூடத்தில் விஸ்லர் வைத்த 'விழும் ராக்கெட்' என்ற இரவுக் காட்சிக்கு 200 கினி விலை. பொதுஜனத்தின் முகத்தில் ஒரு சட்டி வண்ணத்தை வீசியதற்கு இவ்வளவு கேட்கிறான் என்று எழுதிவிட்டார். விஸ்லர் அவதூறு வழக்குப் போட்டார். 1878 நவம்பரில் விசாரணை. விஸ்லர் பக்கம் தீர்ப்பு, நஷ்டஈடோ ஒரு ஃபார்திங், பைசாவுக்கும் கீழே. வழக்குச் செலவில் விஸ்லர் அடுத்த வருடமே திவாலானார்.

இதில் எனக்கு ஆறாதது எது தெரியுமா? 1842இல் டர்னர் பனிப்புயலில் நீராவிக் கப்பலை வரைந்தபோது, சோப்பு நுரையும் சுண்ணாம்பும் என்று விமர்சகர்கள் ஏளனம் செய்தார்கள். அந்தச் சொல் டர்னரை எப்படிப் புண்படுத்தியது என்று உருகி எழுதியதே ரஸ்கின்தான். 17 வயதில் பேனாவை எடுத்ததே பிளாக்வுட்ஸ் இதழ் டர்னரைத் திட்டியதற்குப் பதில் எழுதத்தான். அதே ஆள் அறுபது வயதை நெருங்கும்போது இன்னொரு ஓவியரை அதே பாணியில் அடிக்கிறார்.

தாமிரபரணி

தெற்குமாசி, இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அந்த வரி எந்த நூலிலும் நிதானமாக எழுதிய விமர்சனத்தில் வந்ததில்லை, தொழிலாளருக்கு அவர் மாதாமாதம் எழுதிய 'ஃபோர்ஸ் கிளாவிஜரா' கடிதங்களில் போகிறபோக்கில் வந்தது. டர்னரின் ஒரு மேகத்துக்கு அத்தியாயம் எழுதியவர், விஸ்லரின் இரவுக்கு ஒரு பத்தி கூடத் தரவில்லை. தேம்ஸ் கரையில் வாணவேடிக்கை முடிந்து புகையில் பொறி இறங்கும்போது எப்படி இருக்கும் என்று அவர் போய் நின்று பார்த்திருந்தால், அந்தப் படத்தில் உள்ள உண்மை அவருக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும்.

நான் ரஸ்கினைப் படிக்கும் விதமே இதுதான். கண்ணைத் திறந்து பார்த்த இடங்களில் அவரைப் போல இன்னொருவர் இல்லை. பார்க்காமல் பேசிய இடங்களில் அவருடைய சொல்வன்மையே அவருக்கு எதிரி. அந்த நடை இரண்டு இடத்திலும் ஒரே அழகோடு ஓடும், வாசிப்பவர்தான் வித்தியாசம் கண்டுகொள்ள வேண்டும்.

யாழ்வாசி

பார்க்காமல் பேசிய இடம் என்றால் எங்களைப் பற்றி அவர் பேசியதைச் சொல்லாமல் விட முடியாது. 1858 ஜனவரியில் தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்தில் ஆற்றிய உரை, 'தி டூ பாத்ஸ்' நூலின் முதல் பகுதி. சிப்பாய்ப் புரட்சி நடந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இந்தியர்களின் துணி, வண்ணச் சேர்க்கை, வடிவ நுட்பம் எல்லாவற்றையும் முதலில் புகழ்கிறார். உடனே, இந்தக் கலை இயற்கையில் உள்ள எதையும் வரைவதில்லை என்கிறார். மனிதனை வரையச் சொன்னால் எட்டுக் கை அரக்கனை வரையும், பூவை வரையச் சொன்னால் சுருளும் ஜிக்ஜாக் கோடும்தான் போடும் என்கிறார். அப்படிப்பட்ட கலையை விரும்பும் மக்கள் கொடூரமானவர்களாகத்தான் இருப்பார்கள் என்று முந்தைய வருடத்துச் சம்பவங்களைச் சாட்சிக்கு இழுக்கிறார். ஆங்கிலப் படை அதே வருடம் செய்தவை எதுவும் அந்தத் தராசில் ஏறவில்லை.

மாமல்லபுரத்துப் பகீரதன் தவச் சிற்பத்தில் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறியும் மானை அவர் பார்த்ததில்லை. யானைக் குட்டிகளைப் பார்த்ததில்லை. எந்தச் சோழர் செப்புத்திருமேனிக்கு முன்னாலும் நின்றதில்லை. இயற்கையைப் பார் என்று ஐந்து தொகுதிகளில் சொன்னவர், ஒரு முழு நாகரிகத்தின் கலையைச் சரக்குக் கண்காட்சியில் வந்த துணிமணியையும் செய்தித்தாளையும் வைத்தே தீர்த்துவிட்டார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, தமிழரான முத்துக் குமாரசுவாமியின் மகன், இங்கிலாந்தில் வளர்ந்து நிலவியல் படித்தவர். ரஸ்கின், வில்லியம் மோரிஸ் வழியில் வந்த கைவினை இயக்கம்தான் அவருக்குப் பார்வை கொடுத்தது. 1908இல் அவர் வெளியிட்ட 'மெடீவல் சிங்களீஸ் ஆர்ட்' நூல் அச்சானது மோரிஸ் தன் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் பயன்படுத்திய அதே அச்சுப்பொறியில். கலை இல்லாத தொழில் மிருகத்தனம் என்ற ரஸ்கினின் வாக்கியத்தைக் குமாரசுவாமி திரும்பத் திரும்ப எடுத்தாள்வார். அப்படி ரஸ்கினிடம் கற்றுக்கொண்டவர்தான் 1912இல் சென்னையிலிருந்து வந்த 'சித்தாந்த தீபிகை' இதழில் சிவ நடனம் பற்றிய கட்டுரையை எழுதினார். ஒவ்வொரு கையும் என்ன செய்கிறது என்று உலகத்துக்கு விளக்கிய கட்டுரை அது. ரஸ்கினின் எட்டுக் கை அரக்கனுக்கு இதைவிட நல்ல பதில் யாரும் எழுதவில்லை. ரஸ்கினை நான் தூக்கிப் போடாததற்கு இதுவும் ஒரு காரணம். அவரிடம் பார்க்கக் கற்றுக்கொண்டவரே அவர் பார்க்காததைப் பார்த்துச் சொன்னார்.

தெற்குமாசி

அருமையான பதிவு யாழ்வாசி. இந்தக் கட்டுரைத் தொடர்பு எனக்குப் புதிது.

சுவடி

இன்னொரு விஷயம். டர்னர் இறந்தபின் அவருடைய ஆபாசச் சித்திரங்களை எல்லாம் ரஸ்கின் தீயில் போட்டு எரித்துவிட்டார் என்று படித்திருக்கிறேன். இவ்வளவு நேசித்தவர் இப்படிச் செய்தார் என்றால் அவர் எழுத்தை எப்படி நம்புவது?

மழைமேகம்

பல காலமாக எல்லா வாழ்க்கை வரலாற்றிலும் வந்த கதை அது. 1851இல் டர்னர் இறந்தார், விட்டுச் சென்ற தாள்கள் நாட்டுக்கு வந்தன. 1857-58 குளிர்காலத்தில் லண்டன் நேஷனல் கேலரியின் நிலவறையில் உட்கார்ந்து, தகரப் பெட்டிகளில் கிடந்த சுமார் 19,000 தாள்களை ரஸ்கின் பிரித்து அடுக்கினார். ஈரம், எலி, பூச்சி அரித்தவை எல்லாம் அதில் இருந்தன. அப்போது காட்சிக்கூடக் காப்பாளர் வோர்னமோடு சேர்ந்து சிலவற்றை எரித்ததாக ரஸ்கினே பின்னால் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார். ஆனால் டேட் காட்சியகத்தின் இயன் வாரெல் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் குறிப்பேடுகளைப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்தபோது, அழிந்ததாகச் சொல்லப்பட்ட வகைச் சித்திரங்கள் கணிசமாக அப்படியே இருப்பது தெரிந்தது. பெரிய தீ எதுவும் மூட்டப்பட்டதாகத் தெரியவில்லை என்பதே இப்போதைய ஆய்வாளர் பலரின் நிலை. அந்தத் தாள்களைப் பாதுகாக்க அவர் போட்ட உழைப்போ சந்தேகத்துக்கு இடமில்லாதது.

கரிக்கோல்

எல்லாருக்கும் நன்றி. ஒரு நடைமுறைக் கேள்வி. எனக்குத் தினமும் இரவு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். வரைந்துகொண்டே படிக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?

அச்சுக்கூடம்

'தி எலிமென்ட்ஸ் ஆஃப் டிராயிங்', 1857. உங்களுக்காகவே எழுதினது. 1854லிருந்து லண்டனில் தொழிலாளர் கல்லூரியில் மாலை வகுப்பில் தச்சர்களுக்கும் செதுக்குகிறவர்களுக்கும் வரையக் கற்றுக்கொடுத்தார். அந்த அனுபவத்தில் வந்த புத்தகம். பின்னாளில் அவருடைய எல்லா நூல்களையும் வெளியிட்ட ஜார்ஜ் ஆலனே அந்த வகுப்பு மாணவர்தான்.

முதல் பயிற்சி: ஓர் அங்குலச் சதுரம் போட்டு, பேனாக் கோடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக இழுத்து, எங்கும் திட்டு இல்லாமல் ஒரே சாம்பல் நிறமாக நிரப்ப வேண்டும். கேட்க எளிது, செய்து பாருங்கள். கொஞ்சம் தள்ளி, தெருவில் கிடக்கும் உருண்டைக் கல் ஒன்றை எடுத்து வந்து வரையச் சொல்கிறார். அதை வரைய முடிந்தால் வரையக்கூடிய எதையும் வரையலாம் என்கிறார். நிறத்தை நிறமாக மட்டும் பார்க்கும் குழந்தைக் கண் வேண்டும் என்று அவர் சொன்ன புகழ்பெற்ற குறிப்பும் இந்தப் புத்தகத்தில்தான்.

முக்கியமாகப் பின்னிணைப்பைப் படியுங்கள். எவற்றைப் பார்த்துப் படி எடுக்கலாம் என்று பட்டியலிடுகிறார். ட்யூரரும் ரெம்பிராண்ட்டும் இருக்கும் அதே வரிசையில் ப்யூயிக்கின் மரக்கட்டைப் படங்கள், பைபிளின் யோபு கதைக்குப் பிளேக் வரைந்தவை, கிரிம் கதைகளுக்கு ஜார்ஜ் க்ரூக்‌ஷாங்க் போட்ட படங்கள் எல்லாம் வருகின்றன. க்ரூக்‌ஷாங்கின் அந்தச் சின்ன அமிலச் செதுக்குப் படங்களை ரெம்பிராண்டுக்கு அடுத்தபடியாக வைத்தார். 1868இல் அந்தக் கதைப் புத்தகம் மறுபதிப்பாகும்போது முன்னுரையும் எழுதினார்.

கரிக்கோல்

ரெம்பிராண்டுக்கு அடுத்து குழந்தைக் கதைப் படமா! இன்றைக்கே சதுரத்தை ஆரம்பிக்கிறேன். நூல்கள் எங்கே கிடைக்கும்?

தாமிரபரணி

காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. குக், வெடர்பர்ன் இருவரும் தொகுத்த 39 தொகுதிகள் கொண்ட நூலகப் பதிப்பு 1903 முதல் 1912 வரை வந்தது. லங்காஸ்டர் பல்கலைக்கழகம் அதை முழுவதும் வலையில் இலவசமாக வைத்திருக்கிறது. 'எலிமென்ட்ஸ்' 15ஆம் தொகுதி, 'அரியாட்னே' 22, 'ஆர்ட் ஆஃப் இங்கிலாந்து' 33. 'மாடர்ன் பெயின்டர்ஸ்' 3 முதல் 7 வரை. யாழ்வாசி சொன்ன உரை 16இல் இருக்கிறது, அதையும் தவறாமல் படி.

ஒன்று கவனம். குட்டன்பர்க் தளத்தில் உள்ள எழுத்து வடிவம் கைபேசியில் படிக்க வசதிதான், ஆனால் படங்களுக்கு நூலகப் பதிப்பின் பக்கங்களையே பார். 'மாடர்ன் பெயின்டர்ஸ்' முதலில் வந்தபோது முதல் இரண்டு தொகுதிகளில் படமே கிடையாது. 1856இல் வந்த மூன்றாவதிலிருந்துதான் ரஸ்கினின் சொந்தச் சித்திரங்களை ஆர்மிடேஜ் போன்றவர்கள் தகட்டில் செதுக்கிச் சேர்த்தார்கள். மூன்று, நான்கு, ஐந்தில் அந்தத் தகடுகளை மட்டும் முதலில் புரட்டிப் பார், பக்கத்தில் உள்ள பத்தியை அப்புறம் படி. நான்காவது தொகுதியில் மலைகளுக்கு வரும்போது ஒரு விளிம்புக் கோட்டை எவ்வளவு பொறுமையாக எடுத்திருக்கிறார் என்று உன் கைக்கே தெரியும்.

சதுரத்தை முடித்ததும் இங்கே படம் எடுத்துப் போடு. திட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று அச்சுக்கூடம் பார்த்துச் சொல்வார்.